'வேண்டாம், திரும்பு': ஒரு மலையேற்றக் குழுத் தலைவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் எங்கள் மலையேற்றக் குழுவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தியவர் கணையப் புற்றுநோயில் காலமானார். மறு ஆண்டே இந்தோனேசியாவின் ரிஞ்சானி மலையில் குழு ஒரு பெரிய ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, அவர் செய்ததில் எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று யாராவது உட்கார்ந்து எழுதினால் நல்லது என்று செயற்குழு நினைத்தது. அந்த 'யாராவது' நானாகிவிட்டேன். ரிஞ்சானிக்கு நான் போகவில்லை, அதனால் போனவர்கள் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பது ஒரு காரணம். அவரோடு நீண்ட காலம் பயிற்சிக்காகப் படிக்கட்டு ஏறியவன் என்பது இன்னொரு காரணம்.

பெயர் போட வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார். "அவரு பேரை அவரே எங்கேயும் போட விடமாட்டாரு, இப்ப மட்டும் எதுக்கு?" என்றார் அக்கா. சரி, எல்லாரும் கூப்பிட்ட மாதிரி அண்ணன் என்றே எழுதுகிறேன்.

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அண்ணனிடம் இருந்த பெரிய திறமை ஏறுவது கிடையாது, "வேண்டாம், திரும்பு" என்று சொல்வது. அதை அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள எங்கள் எல்லாருக்கும் பழக்கிவிட்டார். நாங்களே சொல்லப் பழக்கவில்லை.

கப்பல் பட்டறையிலிருந்து வந்தவர்

அண்ணன் துவாஸ் பக்கம் ஒரு ஷிப்யார்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். கீழே வேலை பார்த்த நம்மூர்த் தம்பிகள் எல்லாருக்கும் அவர் 'சேஃப்டி அண்ணன்'. காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்), வேலைக்கான பெர்மிட் சரிபார்ப்பது, கப்பலின் தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் காற்றை அளப்பது, இதுதான் பிழைப்பு. மலைமேல் காற்று ஏன் போதவில்லை என்பதை அவர் அளவுக்குத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, அதுவும் அந்தத் தொட்டியை வைத்தேதான் சொல்வார். மூடிய தொட்டியில் துரு ஏறும்போது இரும்பு ஆக்சிஜனைத் தின்றுவிடும், சாதாரணமாக 20.9 சதவீதம் இருப்பது குறையும், 19.5க்குக் கீழே போனால் உள்ளே யாரையும் விடக் கூடாது. மலையில் சதவீதம் எத்தனை ஆயிரம் மீட்டர் போனாலும் அதே 20.9தான், ஆனால் காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் குறைகிறது. "உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. தொட்டியில நான் மீட்டர் வெச்சு அளக்குறேன், மலையில உன்னையே மீட்டரா வெச்சு அளக்கணும்."

மலைப் பித்து அவருக்கு 1997இல் பிடித்தது. அந்த ஆண்டு மே 23 அன்று எவரெஸ்ட்டில் ஏறிய முதல் மலேசியர்கள் இருவரும் தமிழர்கள், மகேந்திரனும் மோகனதாஸும். அக்கரையில் அது எவ்வளவு பெரிய செய்தியோ, இங்கே நம் வீடுகளிலும் அவ்வளவு பெரிய செய்தி. அடுத்த ஆண்டு மே 25 அன்று சிங்கப்பூர்க் குழுவிலிருந்து எட்வின் சியூவும் கூ சுவீ சியாவும் உச்சியைத் தொட்டார்கள். ஆனால் அண்ணன் திரும்பத் திரும்பப் பேசியது அந்த இருவரைப் பற்றிக்கூட இல்லை, குழுத் தலைவர் டேவிட் லிம்மைப் பற்றி. அத்தனை ஆண்டு பணம் திரட்டி, ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, உச்சிக்கு இரண்டு பேரை அனுப்பியவர், தான் அங்கே நிற்கவில்லை. ஊர் திரும்பிய சில நாள்களில் கியான்-பாரே என்ற நரம்பு நோய் தாக்கிக் கை கால் செயலிழந்து படுத்துவிட்டார், அப்புறம் மீண்டு வந்து மறுபடியும் மலை ஏறினார். "தலைவன்னா அதுதான் வேலை, அனுப்பி வைக்கிறது" என்பார் அண்ணன். மலேசியாவின் கினபாலு மலைக்கு எங்களை எத்தனையோ தடவை கூட்டிப்போனவருக்கு அந்த உச்சியில் நிற்கிற புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று, விருந்துகளில் யாராவது "குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன்" என்று ஆரம்பித்தால் மெல்ல எழுந்து கோப்பி வாங்கப் போய்விடுவார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிற மனிதர்தான், பக்தியில் குறை இல்லை. மலையைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

படிக்கட்டும் மீன் பெட்டியும்

புக்கிட் தீமா உச்சி 163.63 மீட்டர். நம் நாட்டில் இயற்கையாக அமைந்த உயரம் அவ்வளவுதான், அங்குள்ள பாறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கயிறு கட்டிப் பாறை ஏறிப் பழக டெய்ரி ஃபார்ம் குவாரி இருக்கிறது. மற்றதற்கெல்லாம் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) படிக்கட்டுதான். தோ பாயோவில் ஓர் உயரமான புளோக், வாரத்தில் இரண்டு மாலை, முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்கள். பல குழுக்கள் மேலே நடந்துபோய் லிஃப்ட்டில் இறங்கும், முழங்காலுக்கு நல்லது என்று. அண்ணன் இறங்கவும் விடுவார், ஆனால் மேல்மாடிக்குப் போனதும் போத்தல்களைத் திறந்து அங்கிருக்கும் பூச்செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் பையைக் காலி செய்யச் சொல்வார். இறங்கும்போதுதான் தொடைத்தசை நீண்டபடியே சுமை தாங்குகிறது, வலி அதிகம் வருவதும் அப்போதுதான், களைப்பில் கால் தடுக்குவதும் அப்போதுதான், ஆகவே அதைப் பழகாமல் மலைக்குப் போகக் கூடாது, ஆனால் சுமையோடு பழகினால் பயணத்துக்கு முன்னாலேயே முட்டி போய்விடும். அந்தச் செடிகளுக்குச் சொந்தக்காரியான ஒரு சீனப் பாட்டி முதல் மாதம் "அங்கிள், லிஃப்ட் ஸ்பாயில் ஆ?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். பிறகு நாங்கள் வராத வாரங்களில் செடி வாடுகிறது என்று குறைப்பட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

குளிரை இந்த ஊரில் எங்கே போய்ப் பழகுவது? ஈரச் சந்தையில் மீன்காரர் தூக்கிப்போடுகிற வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, அதில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, புளோக்கின் கீழ்த்தளத்தில் வைப்பார். மீன் வாடை போகவே போகாது. இரண்டு கையையும் மணிக்கட்டு வரை உள்ளே விட வேண்டும், விரல் மரத்துப்போன பிறகு வெளியே எடுத்து எட்டு முடிச்சுப் போட வேண்டும், கேரபினரை (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி) பூட்ட வேண்டும், கடைசியாக ஜாக்கெட் ஜிப்பைத் தாடை வரை இழுக்க வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் யாராலும் ஜிப்பைக் கோத்து இழுக்க முடியாது. அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள், அண்ணன் சிரிக்க மாட்டார். "இப்ப இவன் முகத்தைப் பார்த்துக்கோங்க, கையைப் பார்த்துக்கோங்க. மேலே ஒருத்தன் இப்படி ஜிப்போட சண்டை போட்டா அவனுக்குக் குளிர் உள்ளே இறங்கிடுச்சுன்னு அர்த்தம்." இந்த மீன் பெட்டி பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாபான் ராத்தாவில் ஓர் இரவு

கினபாலு ஏறுவது சிங்கப்பூர்க்காரர்களுக்கு நீண்ட வார இறுதி வேலை மாதிரி ஆகிவிட்டது, அதுதான் சிக்கல். 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது உயர மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடப்பவர்கள் 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரில் இரண்டு இரவு தங்குவது இதனால்தான். கினபாலுவிலோ கடல்மட்டத்தில் இருக்கும் கோத்தா கினபாலுவில் தூங்கி எழுந்து, 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாசலிலிருந்து நடந்து, அன்றிரவே 3,272 மீட்டரில் லாபான் ராத்தா தங்குமிடத்தில் படுத்து, நள்ளிரவு தாண்டி எழுந்து 4,095 மீட்டர் உச்சிக்குக் கிளம்பிவிடலாம். லாபான் ராத்தாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அண்ணன் சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் பூங்காத் தலைமையகத்தில் ஒரு இரவு கூடுதலாகத் தங்க வைப்பார், அதற்கு ஒரு நாள் லீவும் பணமும் போகிறது என்று ஒவ்வொரு பயணத்துக்கும் யாராவது முணுமுணுப்பார்கள்.

நான் சொல்ல வருகிற பயணத்தில் ஒரு தம்பி, நல்ல ஓட்டக்காரர், மாரத்தான் ஓடுகிறவர், வழியெல்லாம் முதல் ஆளாக முன்னே போனவர், அந்தக் கூடுதல் இரவுக்கு வராமல் நேராகக் காலையில் வந்து சேர்ந்துகொண்டார். இரவுச் சாப்பாட்டில் அவர் தட்டு அப்படியே இருந்தது. தலைவலி லேசாக இருக்கிறது, பனடால் போட்டுவிட்டேன் என்றார். அதிகாலை இரண்டு மணிக்கு எல்லாரும் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு மைலோ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தரைப்பலகையில் ஒரு கோட்டைக் காட்டி, குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் தம்பி சுவரைப் பிடித்தார். மறுபடி நடக்கச் சொன்னார். மறுபடியும் பிடித்தார். "தூக்கக் கலக்கம் அண்ணே" என்றார் தம்பி.

உயரத்தில் தலைவலி, குமட்டல் பலருக்கும் வரும், தங்கி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் போய்விடும். நடை தள்ளாடினால் கதை வேறு, மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கியிருக்கலாம், அதற்குக் காத்திருக்கக் கூடாது, உடனே இறக்க வேண்டும். அண்ணன் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "தம்பி, பையைக் கட்டு. நானும் நீயும் கீழே" என்றார். தம்பி கோபப்பட்டார், கெஞ்சினார், எவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன் தெரியுமா என்றார். அண்ணன் அதற்குள் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை எழுப்பிப் பேசிவிட்டு, எங்களை மற்ற வழிகாட்டிகளோடு அனுப்பிவிட்டு, மழைத் தூறலில் அவரை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். 2,700 மீட்டரை ஒட்டிய லயாங்-லயாங் வருமுன்னே தம்பிக்கு நடை நேராகிவிட்டது, பசிக்கிறது என்றாராம். நாங்கள் மத்தியானம் கீழே போய்ச் சேர்ந்தபோது இருவரும் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல். அந்தத் தம்பி அதன் பிறகு ஓராண்டு குழு பக்கமே வரவில்லை. இப்போது செயற்குழுவில் இருக்கிறார், இந்தப் பகுதியைப் படித்துப் பார்த்து, "மீ கோரெங் இல்ல, நாசி கோரெங்" என்று மட்டும் திருத்தினார். எனக்கு நினைவிருப்பதை அப்படியே விட்டிருக்கிறேன்.

திரும்பினவர் காசு

அந்தப் பயணம் முடிந்து வந்ததும் அண்ணன் செய்ததுதான் எனக்கு அவருடைய மிகப் பெரிய யோசனையாகப் படுகிறது. தம்பி கடைசியில் பிடித்துக்கொண்டது பணத்தைத்தானே? மலைமேல் திரும்ப மனம் வராததற்கு வீரத்தைக் காரணம் சொல்வார்கள். அண்ணனுக்கு அதில் பாதி பணக் கணக்கு, மீதி லீவு கணக்கு, கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்த வெட்கம். ஆகவே உறுப்பினர் சந்தாவிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கினார், பெயர் 'திரும்பினவர் காசு'. தலைவர் சொல்லித் திரும்புகிறவருக்கு அடுத்த பயணத்தில் முதல் இடம், பாதிக் கட்டணம், மீதியைக் குழு ஏற்கும். தானாகவே திரும்பினாலும் அதே சலுகை. ஏமாற்றுவார்களே என்று கேட்டதற்கு, "மலைக்குப் போயி பாதியில திரும்பறதுக்காக எவனும் ஏமாத்த மாட்டான்" என்றார். ஏமாற்றவும் இல்லை.

கூடவே ஒரு நோட்டு. ஷிப்யார்டில் நியர் மிஸ் என்று அடிபடாமல் தப்பியதையும் எழுதி வைப்பார்களே, அதே பழக்கம். நீல அட்டை பள்ளிக்கூட நோட்டு, மேலே 'தப்பியவை' என்று எழுதியிருக்கும். என்ன நடந்தது, என்ன நடந்திருக்கலாம், அதற்கு முன் யார் கண்ணில் என்ன பட்டது. பெயர் மட்டும் எழுதக் கூடாது, எழுதினால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் வேறு மாதிரி இருக்கிறது. 2015 ஜூன் 5, கினபாலு நிலநடுக்கம், அளவு 6. இறந்தவர்கள் 18 பேர், அவர்களில் 10 பேர் சிங்கப்பூரிலிருந்து போனவர்கள்: தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 7 பேர், ஆசிரியர்கள் 2 பேர், வழிநடத்துநர் ஒருவர். உள்ளூர் மலை வழிகாட்டிகளும் இறந்தார்கள், மற்றவர்களைக் காப்பாற்றப் போனவர்கள் உட்பட. அண்ணன் தேதியை எழுதி, கீழே 'யார் கண்ணிலும் எதுவும் பட்டிருக்க முடியாது' என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். அந்த வாரம் கோப்பிக்கடையில் ஆளாளுக்கு யாரைக் குறை சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் சத்தம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன், அவர் சத்தம் போட்டு நான் பார்த்த ஒரே தடவை. நேரம், குளிர், உயரம், உடல்நிலை, இவை நம் கையில் இருப்பவை, இவற்றில் தவறினால் கேள்வி கேட்கலாம். நிலம் நடுங்கியதற்கு மலைமேல் இருந்தவரைக் கேட்காதே என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரி.

ரிஞ்சானி

அண்ணன் போன பிறகு பொருளாளர் கணக்கைப் பார்த்துவிட்டு 'திரும்பினவர் காசை' நிறுத்தினார், அந்தப் பணத்தில் ஒரு நல்ல கூடாரம் வாங்கலாம் என்று. தவறான எண்ணம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நீல நோட்டு அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்தது.

ரிஞ்சானி 3,726 மீட்டர். செம்பாலுன் பக்கமாக ஏறி 2,639 மீட்டரில் எரிமலை விளிம்பில் முகாம், அங்கிருந்து அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பி உச்சி. கடைசி ஏற்றம் முழுக்கத் தளர்ந்த எரிமலைச் சரளை, இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும், முகட்டில் காற்று ஆளைத் தள்ளும். ஏழு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று அந்தப் பயணத்தின் தலைவர் கீழேயே சொல்லியிருக்கிறார். எட்டே கால் மணிக்கு இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு வியர்வையில் நனைந்த உள்சட்டை, அதன்மேல் காற்று, பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. கடைசியில் நிறுத்தியது யார் என்றால், ரிஞ்சானி இருக்கும் லொம்போக் தீவின் வழிகாட்டி. வழியை மறித்து நின்று, முடிந்தது, கீழே என்றுவிட்டார். முகாமுக்கு இறக்கி, ஈரத்தைக் கழற்றி, தூக்கப்பையில் போட்டு, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆள் மத்தியானத்துக்குள் தேறிவிட்டார்.

போனவர்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்டேன். ஏழு மணி ஆனது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தலைவர் சொன்னது: "யாரும் எதுவும் சொல்லல, எல்லாருக்கும் தெம்பு இருக்குன்னு நினைச்சேன்." மற்றவர்கள் சொன்னது: "அவர்தானே தலைவர், அவர் சொல்லுவார்னு இருந்தோம்." குழறியவர் சொன்னது: இனி எப்போது லீவு கிடைக்கும், பணம் வேறு போச்சே என்று. குழுவில் எல்லாருக்கும் இளைய ஒரு பெண், தாதிமைப் பயிற்சியில் இருப்பவர், சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஏழரைக்கே அவர் பார்த்திருக்கிறார், முன்னால் போன அங்கிள் ஜாக்கெட் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், கோக்கவே வரவில்லை. "மீன் பெட்டி உடனே ஞாபகம் வந்துச்சு அண்ணா. ஆனா பெரியவங்க இத்தனை பேர் இருக்காங்க, நான் போயி எப்படி…"

ஆக, அண்ணன் கற்றுக்கொடுத்தது வேலை செய்தது. பார்க்க வேண்டியதைச் சரியான நேரத்தில் ஒருவர் பார்த்துவிட்டார். பார்த்ததைச் சொல்ல வழிதான் இல்லை.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. ஷிப்யார்டில் அண்ணன் தினமும் காலையில் சொன்னது என்ன? ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம், நேற்றுச் சேர்ந்த பையனும் நிறுத்தலாம், நிறுத்தியவனை யாரும் ஏசக் கூடாது. அவரோடு வேலை பார்த்தவர்களிடம் கேட்டேன், அப்படி நிறுத்திய பையன்களுக்குத் தன் காசில் சாப்பாடு வாங்கிக்கொடுப்பாராம். அதே மனிதர் மலையில் அந்த அதிகாரத்தைத் தன் ஒருவர் கையிலேயே வைத்துக்கொண்டார். ஏன் என்று அக்காவிடம் கேட்டேன். "உங்கள்ள யாருக்காச்சும் ஏதாச்சும் ஆனா தான் மட்டும்தான் பதில் சொல்லணும்னு நினைச்சாரு. மத்தவங்க தலையில அதைக் கட்டக் கூடாதாம்" என்றார். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வராத முதல் பயணத்திலேயே அந்த அன்பின் விலை தெரிந்துவிட்டது. அவர் நன்றாக இருந்த காலத்திலேயே பின்வரிசையில் நின்று வேறொருவரை 'திரும்பு' சொல்ல வைத்திருந்தால், அவர் சொல்வது தப்பாகவே இருந்தாலும் அன்றைக்கு மட்டும் கேட்டுத் திரும்பியிருந்தால், குழு பழகியிருக்கும். மலேசியாவின் லேடாங் மாதிரி 1,276 மீட்டர் மலையில் அதைப் பழகியிருக்கலாம், நட்டம் ஒன்றும் இல்லை.

இப்போது என்ன செய்திருக்கிறோம்? 'திரும்பினவர் காசு' திரும்ப வந்துவிட்டது. கூடாரம் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். நீல நோட்டை அக்கா கொடுத்துவிட்டார், தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம், அண்ணன் கையெழுத்தை வாசிக்க அக்காவிடம் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் குழுவைத் திருப்பலாம் என்ற விதியைப் பற்றித்தான் இன்னும் சண்டை. ஒருவர் பயந்தால் பத்துப் பேர் திரும்ப வேண்டுமா என்று மூத்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் திரும்பின பத்துப் பேர் அடுத்த மாதம் போகலாம், அதனால் நான் விதியின் பக்கம். இன்னும் ஓட்டுக்கு விடவில்லை, சோதனைக்கு நடைமுறையில் வைத்திருக்கிறோம்.

அந்தத் தாதிமைப் பெண்ணை மலேசியாவின் குளுவாங்கில் இருக்கும் லம்பாக்குக்குத் தலைவராகப் போட்டோம். 510 மீட்டர் மலை. கிளம்புவதற்கு முந்தின இரவு இடியும் மின்னலும் வரும் என்று வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு அவர் பயணத்தை ரத்து செய்தார். மறுநாள் உட்லண்ட்ஸில் வெயில் அடித்தது என்று இரண்டு பேர் போன் பண்ணி ஏசினார்கள். பஸ்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. 'திரும்பினவர் காசிலிருந்து' கொடுத்துவிடுங்கள் என்று பொருளாளரே சொல்லிவிட்டார்.